'ஒரு வேளை தீவனம் போதும்' என்று வருகிறவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்

கோபி, அந்தியூர் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள் படியுங்கள். ஒரு தீவன ஏஜென்ட் வீடு வீடாக வருகிறார். "எதுக்குங்ண்ணா மூணு வேளை ஓடறீங்க, எங்க தீவனத்தைக் காலைல ஒரே தடவையா வெச்சிருங்க, பொழுதுக்கும் வயித்துல நின்னு செரிக்கும்" என்பார். கூடவே போனில் வெளிநாட்டுப் பண்ணை வீடியோ. வேலைக்கு ஆள் கிடைக்காத ஊரில் இது எடுபடாமல் இருக்குமா? எங்களிடமும் ஒரு மாதத்து மூட்டைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் சொன்ன கணக்கு மாட்டுக்கு 6 கிலோ, மொத்தமும் காலையில் வெறும் வயிற்றில், அப்புறம் வைக்கோல். அந்த வாரமே சாணி இளகி நுரை கட்டியது, மக்காச்சோளக் குருணை செரிக்காமல் அப்படியே வந்தது, மத்தியானம் படுத்து அசை போடுகிற மாடுகள் சும்மா நின்றன. பால் சொசைட்டியில் 4 சதவீதம் வரை வந்த கொழுப்பு 3-க்குக் கீழே இறங்கியதும் விலையை வெட்டிவிட்டார்கள். ஏஜென்டைக் கூப்பிட்டால் முதலில் "பழகிக்குமுங்ண்ணா", அடுத்து "உங்க தண்ணி சரியில்லை", கடைசியில் "ஒரு டானிக் இருக்குது". டானிக்குக்கும் தனிக் காசு! அதற்கப்புறம் போனையே எடுப்பதில்லை.

ஒரு மாடு தீனியை விட்டதும் வந்து பார்த்த கால்நடை மருத்துவர், வயிற்றில் அமிலம் ஏறியிருக்கிறது என்று சோடா உப்பு கரைத்துக் கொடுத்தார். மாவுச்சத்து மொத்தமாக உள்ளே போனால் பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதைச் சட்டென்று புளிக்க வைத்துவிடும், 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்க வேண்டிய பிஹெச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழேகூடப் போகும். 6-க்குக் கீழே வந்தாலே வைக்கோல், சோளத்தட்டைச் செரிக்கும் பாக்டீரியா முடங்க ஆரம்பிக்கும், பால் கொழுப்பில் நல்ல பங்கு அந்த நார் செரிப்பதிலிருந்துதான் வருகிறது. அமிலத்தைத் தணிப்பது எச்சில். மாடு நாளுக்கு 100 லிட்டருக்கு மேலேயே சுரக்கும், ஆனால் அசை குறைந்தால் அதுவும் குறையும். தீவனத்தில் யூரியா இருந்தால் அம்மோனியாவும் ஒரேயடியாக ஏறும். இந்த மூட்டையில் யூரியா இருந்ததா என்று யாருக்குத் தெரியும், லேபிளே இல்லையே.

அந்த வீடியோ பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அங்கே ஒரு தடவை கொட்டுவது தட்டு, புல், அடர்தீவனம் (இந்த மூட்டைத் தீவனம் மாதிரி) எல்லாம் சேர்த்துக் கலக்கிய தீனி. மாடு பகலும் ராத்திரியும் வந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், தொட்டியில் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். அடர்தீவனத்தை மட்டும் தனியாக ஒரே மூச்சில் தின்ன வைப்பது வேறு கதை. நாங்கள் இப்போது தட்டு போட்ட பிறகு, 2 கிலோ வீதம் மூன்று தடவையாகப் பிரித்து வைக்கிறோம், அசை திரும்பிவிட்டது, கொழுப்பு மெதுவாக ஏறுகிறது.

முன்பணம் வரவில்லை. ஆள் இப்போது வேறு பெயர் போட்ட மூட்டையோடு சத்தியமங்கலம் பக்கம் சுற்றுகிறாராம். வந்தால் மூட்டையில் ஐஎஸ் 2052 என்கிற மாட்டுத் தீவனத் தர முத்திரையும் புரதம், நார், யூரியா அளவும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கனவே வாங்கிப்போட்டு மாடு அசை போடாமல் நின்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிடுங்கள், டானிக் வாங்காதீர்கள்.