‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று சொல்லிக் குடும்பக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்

இங்கிலாந்தில் இருப்பவர்கள், அப்பா அம்மாவைக் கப்பல் பயணத்துக்கு அனுப்ப நினைத்தால் இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

அப்பா காதில் ஹியரிங் எய்ட் போட்டிருப்பவர். இரைச்சலான இடத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூட அவருக்குப் பிடிபடாது. அதனால்தான் சிறுவர்கள் இல்லாத, பழைய பாணி பிரிட்டிஷ் கப்பலாகக் கேட்டோம். சுற்றி நடக்க அகலமான தளம், மாலையில் தேநீரும் ஸ்கோன் என்ற பிரிட்டிஷ் பன்னும், ஓரிரு இரவு கோட் போட்டுக்கொண்டு சாப்பாடு. ஏஜென்ட் தமிழர். “அடல்ட்ஸ் ஒன்லிதான் சார், கவலையே படாதீங்க” என்று போனில் அடித்துச் சொன்னார்.

ஆகஸ்டில் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் போய் நின்றால், வரிசை முழுக்கக் குழந்தைகளின் தள்ளுவண்டிகள். பள்ளி விடுமுறை வேறு. அந்தக் கப்பலில் பெரியவர்களுக்கு மட்டும் என்று இருந்தது மேல்தளத்தில் ஒரு மூலை. அதற்கும் தனிக் கட்டணம். சாப்பாட்டுக் கூடத்தில் சத்தம் தாங்காமல் அப்பா ஹியரிங் எய்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாரோடும் பேசாமல் சாப்பிட்டிருக்கிறார். ‘கடல் தெரியும் அறை’யின் ஜன்னலை ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு ஒன்று முக்கால்வாசி மறைத்து நின்றது. அம்மா போட்டோ எடுத்து அனுப்பியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏஜென்டைக் கேட்டால், “அந்த வசதி கப்பல்ல இருக்கே சார்” என்கிறார். வயதானவர்களின் சேமிப்பில் கை வைத்துவிட்டு இப்படிப் பேச எப்படி மனசு வருகிறது?

கப்பலின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி பெயர் மட்டும் போதாது. பி அண்ட் ஓ கம்பெனியில் ஆர்கேடியா, ஆரோரா என்ற இரண்டு கப்பல்கள் மட்டுமே 18 வயது நிரம்பியவர்களுக்கானவை. ஆரோராவே 2019-இல்தான் அப்படி மாறியது. அயோனா, பிரிட்டானியா, வென்ச்சுரா எல்லாம் குடும்பக் கப்பல்கள். சாகா கம்பெனியின் கப்பல்கள் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஆம்பஸடர் கம்பெனியில் சில பயணங்களில் பிள்ளைகளும் வருவார்கள், தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், அறை எண். ‘கேரண்டி’ அறை என்றால் எந்த அறை என்பதை அவர்களே பின்னால் முடிவு செய்வார்கள். எண் தெரிந்தால் தளத்தின் வரைபடத்தில் படகு எங்கே தொங்குகிறது என்று பார்த்துவிடலாம்.

போனில் சொன்னதையெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ளவற்றுக்கு 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் வங்கிக்கும் பொறுப்பு உண்டு. ஆனால் பணம் நேரே கப்பல் கம்பெனிக்குப் போகாமல் ஏஜென்ட் கணக்குக்குப் போனால் அதில் சிக்கல் வரலாம். ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

புகாரை எழுத்தில் அனுப்பியிருக்கிறோம். அடுத்த பயணத்துக்கு 50 பவுண்ட் வவுச்சர் தருகிறாராம். வாங்கப்போவதில்லை, கட்டிய பணத்தைத்தான் கேட்கிறோம்.