ஒற்றைத் தோலா, இரட்டைத் தோலா: கேளிக்கைப் பூங்காவின் குவிமாடத்துக்கு எந்தப் போர்வை?

எங்கள் பூங்காவின் ஜியோடெசிக் குவிமாடத்துக்குப் புதுப் போர்வை போட்டு நான்கு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. எலும்புக்கூடு பழையதுதான். எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்த, 20 மீட்டர் விட்டமுள்ள அரைக்கோளம். உள்ளே இருட்டில் ஓடும் ஒரு சவாரி, உட்கூரை முழுக்கப் படம் விழ வைக்கும் புரொஜெக்டர்கள். பழைய பாலிகார்பனேட் (கெட்டியான பிளாஸ்டிக்) பேனல்கள் ஒழுகி ஒழுகி ஓய்ந்துபோனபோது, அடுத்து என்ன போடுவது என்று முடிவு செய்யும் வேலை பராமரிப்புப் பிரிவில் இருந்த என்னிடம் வந்தது.

நான்கு வழிகள் எங்கள் முன்னால் இருந்தன. பழையபடியே பேனல்களைப் பொருத்தி இடுக்குகளை சீலன்ட் என்னும் பசையால் அடைக்கும் ஒற்றைத் தோல். உள்ளே நீர்புகா உறை, வெளியே அலங்காரப் பேனல் என்று இரட்டைத் தோல். சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டும் பிவிசி பூசிய துணி. இடிஎஃப்இ என்ற மெல்லிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலத்தால் ஆன, காற்றடைத்த மெத்தைகள். நாங்கள் இரட்டைத் தோலுக்குப் போனோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் மற்ற மூன்றும் எல்லா இடத்திலும் தோற்கும் என்று சொல்ல மாட்டேன்.

பலத்தைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. முக்கோணம் தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காது. காற்றும் பாரமும் சட்டம் முழுக்கப் பகிர்ந்துகொள்ளப்படும். மான்ட்ரியலில் 1967 உலகக் கண்காட்சிக்காக, ஜியோடெசிக் குவிமாடத்தைப் பிரபலமாக்கிய அமெரிக்கர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் வடிவமைத்த 76 மீட்டர் விட்டமுள்ள அமெரிக்க அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 மே மாதம் பழுதுபார்க்கும் வேலை நடந்தபோது தீப்பிடித்து, அதன் அக்ரிலிக் போர்வை முழுவதும் எரிந்துபோனது. எஃகுச் சட்டம் அப்படியே நின்றது. இன்றும் போர்வை இல்லாமலே நின்று, அருங்காட்சியகத்துக்குக் கூடாகப் பயன்படுகிறது. எலும்பு ஏமாற்றாது. நம் கவலையெல்லாம் தோலைப் பற்றியதுதான்.

இடிஎஃப்இ மெத்தைகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். இங்கிலாந்தின் கார்ன்வாலில் 2001-இல் திறந்த ஈடன் பிராஜெக்ட்டின் குமிழ்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அதே பரப்புக்குக் கண்ணாடி போட்டால் ஆகும் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வெளிச்சம் தாராளமாக உள்ளே வரும். செடி வளர்க்கும் குவிமாடத்துக்கு அது வரம். எங்களுக்கு வேண்டியதோ கும்மிருட்டு. மெத்தைகளுக்குள் காற்றழுத்தம் குறையாமல் ஊதுகருவி இரவும் பகலும் ஓட வேண்டும் என்பது இன்னொரு பொறுப்பு. இந்தப் பொருளை நான் கையாண்டதில்லை, ஆகவே இதற்கு மேல் நான் பேசுவது சரியல்ல.

துணிப் போர்வை உண்மையிலேயே நல்ல போட்டியாளர். பட்டறையிலேயே வெட்டி ஒட்டி ஒரே உறையாக வந்துவிடுவதால் மழை புகும் இடுக்கு மிகக் குறைவு. சில நாளில் மாட்டிவிடலாம், தேவைப்பட்டால் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு காட்சி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் யோசிக்காமல் இதை எடுக்கலாம். எங்களைத் தடுத்தவை இரண்டு. மழை விழும்போது உள்ளே பறை அடித்த மாதிரி சத்தம் வரும். அதற்கு மேல் காட்சியின் வசனத்தை ஒலிக்க விடுவது நடக்காத காரியம். அடுத்தது, இழுவிசை. துணி தளர்ந்துவிட்டால் காற்றில் படபடக்கும், படபடத்தால் குழாயில் உரசி அந்த இடத்தில் நைந்துபோகும். ஆண்டுதோறும் இழுத்துச் சரிசெய்தே ஆக வேண்டும்.

ஆக, உண்மையான போட்டி ஒற்றைத் தோலுக்கும் இரட்டைத் தோலுக்கும்தான். இதில் தீர்ப்பு சொல்வது ஒரே விஷயம்: இடுக்கு. கொஞ்சம் பொறுமையாக இந்தக் கணக்கைப் பாருங்கள்.

20 மீட்டர் விட்டமுள்ள அரைக்கோளத்தின் மேற்பரப்பு 628 சதுர மீட்டர். ஒன்றரை மீட்டர் பக்கமுள்ள முக்கோணங்களால் மூடினால் சுமார் 650 பேனல்கள். அவற்றுக்கு இடையே உள்ள இடுக்குகளை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 1,450 மீட்டர் வரும். ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை நீளமும் சீலன்டை நம்பி நிற்கிறது. முக்கோணத்தைச் சிறிதாக்கினால் வளைவு அழகாகத் தெரியும், ஆனால் இடுக்கு இன்னும் கூடும். பக்கம் பாதியானால் இடுக்கு இரட்டிப்பாகும்.

சாதாரண ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், தண்ணீர் தானே வழிந்துவிடும். முக்கோணங்களில் அந்த வசதி இல்லை. குழாய்கள் கூடும் ஒரு கணுவில் ஆறு பேனல்கள், சில கணுக்களில் ஐந்து, வந்து முட்டும்போது எது எதன் மேல் ஏறுவது? போதாததற்கு உச்சிப் பகுதி கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். அங்கே கிடைமட்டமாக ஓடும் சீலன்ட் வரப்பு மாதிரி தண்ணீரைத் தேக்கி வைக்கும்.

அடுத்தது வெயில். 40 டிகிரி ஏற்ற இறக்கத்தில் ஒன்றரை மீட்டர் பாலிகார்பனேட் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் எஃகுக் குழாய் 1 மில்லிமீட்டர்கூட நீளாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இடுக்கில் இருக்கும் சீலன்ட்தான் விழுங்க வேண்டும். 25 சதவீதம் அசைவைத் தாங்கும் தர சீலன்டை 10 மில்லிமீட்டர் இடுக்கில் போட்டால் அதன் எல்லை இரண்டரை மில்லிமீட்டர். தேவை மூன்றுக்கு மேல். இது தினமும் நடக்கும்: பகலில் நசுங்கும், இரவில் இழுபடும். அலுமினியப் பேனல் போட்டால் நீட்சி மூன்றில் ஒரு பங்காகக் குறையும், அது பெரிய நிம்மதிதான். ஆனாலும் வெயிலும் மழையும் நேரடியாகப் படும் சீலன்ட் என்றாவது ஒரு நாள் விளிம்பில் விட்டுக்கொடுக்கும். 1,450 மீட்டரில் எந்த இடத்தில் என்பதை யாரும் சொல்ல முடியாது.

கண்டுபிடிப்பதுதான் பெரும் பாடு. எங்கள் பழைய போர்வையில் தண்ணீர் சொட்டிய இடம் ஒன்று, ஓட்டை இருந்த இடம் வேறொன்று. உள்ளே புகுந்த நீர் குழாயின் அடிப்புறத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி, ஒரு கணுவில் கூடி, அங்கிருந்துதான் சொட்டும். ஒரு முறை சொட்டிய இடத்திலிருந்து ஆறு மீட்டர் மேலே ஓட்டை இருந்தது. ஒருவர் உள்ளே டார்ச்சோடு நிற்க, இன்னொருவர் வெளியே குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடுக்காகப் பீய்ச்ச, இரண்டு இரவுகள் அதிலேயே போயின. மேலிருந்து பீய்ச்சக் கூடாது. எல்லா இடமும் நனைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது.

ஒழுகலை அடைக்கப் போய் அதைவிடப் பெரிய இழப்பு நேர்ந்ததும் உண்டு. அமெரிக்காவின் டியர்பார்னில் ஃபோர்டு கார் நிறுவனத்தின் காட்சிக் கட்டடமாக இருந்த ஃபோர்டு ரொட்டுண்டாவுக்கு 1953-இல் ஃபுல்லரின் குவிமாடம் போட்டார்கள். 1962 நவம்பரில் அந்தக் கூரைக்கு நீர்புகாப் பூச்சு பூசும் வேலையின்போது தீப்பிடித்துக் கட்டடமே அழிந்தது. போர்வையையே மாற்ற வேண்டி வந்ததும் உண்டு: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் தாவரவியல் தோட்டத்தில் 1960-இல் திறந்த, செடி வளர்க்கும் குவிமாடமான கிளைமாட்ரானின் அக்ரிலிக் போர்வையை 1980-களின் முடிவில் முழுவதும் நீக்கிவிட்டுக் கண்ணாடி போட நேர்ந்தது.

சரி, இரட்டைத் தோல் இதில் என்ன மாற்றிவிடுகிறது? இதற்குப் பெரிய முன்னுதாரணம் ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் உள்ள ஸ்பேஸ்ஷிப் எர்த். 1982 அக்டோபர் 1-இல் திறந்த, 50 மீட்டர் விட்டமுள்ள முழுக்கோளம். வெளியே பளபளக்கும் அலுமினியக் கலப்புப் பேனல்களுக்கு (இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வேறொரு பொருள் வைத்தவை) மழையைத் தடுக்கும் வேலையே கிடையாது. பேனல்களுக்கு இடையே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருக்கிறார்கள். மழை அதன் வழியாக உள்ளே போய், மறைவான வடிகாலில் சேர்ந்து, தாங்கு கால்களின் வழியே இறங்கிப் பூங்காவின் ஏரிக்குப் போய்விடுகிறது. அதனால்தான் அந்தக் கோளத்துக்கு அடியில் நடப்பவர்கள் தலையில் நீர் அருவியாகக் கொட்டுவதில்லை. நீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் இன்னொரு உறை. அதன் மேல் வெயில் படாது.

அதே தத்துவத்தைச் சிறிய அளவில் நாங்கள் செய்தோம். சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் ரப்பர் உறை, அதற்கும் மேல் ஒரு முழ உயரத்தில் பேனல்கள். ரப்பர் உறைக்கும் தையல் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் ஆரஞ்சுச் சுளை மாதிரி உச்சியிலிருந்து அடிவரை 24 நீளத் துண்டுகள், உச்சியில் ஒரு வட்டத் தொப்பி. தையல் மொத்தம் 380 மீட்டருக்குள். எல்லாம் நீர் ஓடும் திசையிலேயே இறங்குகிறது, ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஒட்டியிருக்கிறது. வெளிப் பேனல்களைத் தாங்கும் குத்துக்கால்கள் கணுக்களில் மட்டுமே உறையைத் துளைக்கின்றன. அடிவளையத்தையும் சேர்த்து சுமார் 340 துளைகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கிறோம், ஒவ்வொன்றையும் சுற்றி ரப்பர் கழுத்துப்பட்டி. ஒன்றரைக் கிலோமீட்டர் கோட்டைக் காவல் காப்பதற்கும், எண் போட்ட 340 புள்ளிகளைப் பார்த்து வருவதற்கும் உள்ள வித்தியாசம் மழை நாளில்தான் தெரியும். இந்த நான்கு மழைக்காலங்களில் மூன்று புள்ளிகளில் கசிவு. மூன்றையும் அன்றன்றே கண்டுபிடித்தோம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். செலவும் எடையும் கூடும். பழைய சட்டம் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகே தொடங்கினோம். இரு தோல்களுக்கு நடுவே பறவைகள் கூடு கட்டும், சருகு வடிகாலை அடைக்கும். வலை போட்டும் மழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை துப்புரவு செய்கிறோம். மிக முக்கியமானது தீ. அந்த இடைவெளி புகைபோக்கி மாதிரி நெருப்பை மேலே இழுக்கும். பாலிஎத்திலீன் என்ற எரியும் பிளாஸ்டிக்கை நடுவில் கொண்ட அலுமினியக் கலப்புப் பேனல் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீ காட்டியது. நடுவில் எரியாத கனிமம் உள்ள பேனலையே எடுங்கள், இடைவெளியில் தீத்தடுப்புப் பட்டைகளையும் விடாதீர்கள். இதில் மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

உள்ளே குளிரூட்டினால் குழாய்களில் வியர்த்துச் சொட்டுவதை ஒழுகல் என்று நினைத்து ஏமாறுவதும் உண்டு. மழையில்லாத நாளிலும் சொட்டினால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். பலகைக்கும் ரப்பருக்கும் நடுவே வெப்பத்தடுப்பு வைத்த பிறகு எங்களுக்கு அது பெருமளவு குறைந்தது.

ரப்பர் உறை இருபது ஆண்டு தாங்கும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். நான் பார்த்தது நான்கு மழைக்காலங்கள்தான், அதனால் அந்த வாக்குறுதிக்கு என் பெயரில் உத்தரவாதம் தர மாட்டேன். 20 மீட்டரைவிட மிகப் பெரிய கோளத்திலும் எனக்கு அனுபவமில்லை. நடுக்கோட்டுக்குக் கீழே உள்நோக்கி வளையும் பகுதியில் வேலை செய்வது வேறு வித்தை.

இன்னொரு முறை செய்தால் ஒன்றை மாற்றுவேன். கயிற்றில் தொங்கி வேலை செய்பவர்களுக்கான கொக்கிகளை உச்சியில் மட்டும் நான்கு வைத்தோம். பாதி உயரத்தில் ஒரு வளையமாக இன்னும் எட்டு வைத்திருக்க வேண்டும். இப்போது 212-ஆம் எண் புள்ளியைப் பார்க்கக்கூட ஒருவர் உச்சிக்கு ஏறிப் பிறகுதான் பக்கவாட்டில் இறங்க வேண்டியிருக்கிறது.