பழைய கணினியில் ஆர்எக்ஸ் 6600: மூன்று ஆண்டு நெருங்கும் அனுபவம்

என் கணினி 2014-இல் வாங்கியது. இன்டெல் ஐ5-4590 சிபியு, டிடிஆர்3 ரேம், 2 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு. வெறும் 60 வாட்டில், தனி மின்இணைப்புகூட இல்லாமல் எட்டு ஆண்டுக்கு மேல் உழைத்த அந்தச் சிறிய கார்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 2022 வாக்கில் புதிய விளையாட்டுகள் 2 ஜிபிக்குள் அடங்கவில்லை. அந்தச் செப்டம்பரில் எத்தீரியம் என்ற மின்னணு நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு நாணயம் எடுக்கும் முறையைக் கைவிட்டது. அதுவரை நெருங்க முடியாதிருந்த கார்டு விலைகள் கைக்கெட்டும் தூரத்துக்கு இறங்கின. 2023 ஜனவரியில் புதிய கார்டு தேடி, சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

கிளம்புவதற்கு முன் செய்த ஒரு காரியம்தான் என்னைக் காப்பாற்றியது. கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருந்த சீட்டைத் துடைத்துப் படித்தேன். பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், 12 வோல்ட் தடத்துக்கு 18 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் 216 வாட்தான். சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட் தடத்திலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. என் சிபியுவுக்கு 84 வாட், நான் வாங்க நினைத்திருந்த ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட். கூட்டினால் சரியாக 216. மின்விசிறிக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் ஒரு வாட்கூட மிச்சமில்லை. ஒரு கடையில், “450 வாட் இருக்கிறதே சார், தாராளமாகப் போதும்” என்றார்கள். போதாது. கார்டு விலையோடு நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட்டேன்.

கடைகளில் முதலில் நீட்டப்பட்டது பழைய ஆர்எக்ஸ் 580. 8 ஜிபி, விலையும் மலிவு. ஆனால் 185 வாட் கேட்கும் கார்டு அது. நாணயம் எடுப்பதில் இரவு பகலாக ஓடிக் களைத்ததா என்பதையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதே பெயரில் 2048 என்ற எண்ணோடு வரும் கார்டு திறன் குறைக்கப்பட்டது என்பதையும் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்தது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. புதியது, விலையும் குறைவு. பழைய கணினிக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கார்டு மதர்போர்டோடு பேசுவது நான்கே பாதைகள் வழியாக. நான்காம் தலைமுறை பிசிஐஇ (கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் தடம்) உள்ள போர்டில் ஓரளவு சமாளிக்கும். என்னுடையதைப் போன்ற மூன்றாம் தலைமுறையில் அந்தப் பாதைகளின் வேகமும் பாதியாகிவிடும். 4 ஜிபி நினைவகம் நிரம்பி வழியும்போது அத்தனையும் அந்த ஒற்றையடிப் பாதையில்தான் போய்வர வேண்டும். ஆர்எக்ஸ் 6600-க்கு எட்டுப் பாதைகள், 8 ஜிபி. பழைய போர்டிலும் அது பெரிதாக நொண்டுவதில்லை. இன்டெல் ஆர்க் கார்டுகளைத் தொடவே இல்லை. கார்டின் நினைவகம் முழுவதையும் சிபியு ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத போர்டில் அவற்றின் வேகம் வெகுவாகக் குறையும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவே முடியாதவர்களுக்கு 75 வாட்டில் ஓடும் ஜிடிஎக்ஸ் 1650 போதும். குறைந்த எதிர்பார்ப்போடு வாங்கலாம்.

ஆர்எக்ஸ் 6600-ஐ மாட்டிய முதல் வாரம் பெருமகிழ்ச்சி. எல்டன் ரிங் விளையாட்டு, அதன் உச்சவரம்பான நொடிக்கு 60 பிரேமில் (படங்களில்) பெரும்பாலும் நின்றது. சைபர்பங்க் 2077 விளையாட்டில்தான் உண்மை தெரிந்தது. ஆளில்லாத சாலையில் வழுக்கிக்கொண்டு போகும் வண்டி, கூட்டம் நிறைந்த சந்தைக்குள் நுழைந்ததும் திக்கித் திக்கி நகர்ந்தது. அளவுகாட்டியைத் திரையில் வரவழைத்தேன். சிபியுவின் நான்கு கோர்களும் 100 சதவீதத்தில் மூச்சு வாங்க, கார்டு பாதி வேலைகூட இல்லாமல் காத்திருந்தது. கிராபிக்ஸ் தரத்தைக் குறைத்ததில் பயன் இல்லை. கூட்டத்தின் அடர்த்தியைக் குறைத்து, பிரேமுக்கு 45 என்று வரம்பு வைத்ததும் திக்கல் பெருமளவு நின்றது. சில மாதம் கழித்து, அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-4790 ஒன்றைப் பழையதாக வாங்கிப் போட்டேன். அதுவும் 84 வாட்தான். ஆனால் நான்கு கோர், எட்டுத் திரெட்; அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலைகளைக் கையாளும். சராசரி பிரேம் கொஞ்சம்தான் ஏறியது; சந்தைக்குள் நடப்பதில் கிடைத்த நிம்மதி பெரிது.

இந்தக் கார்டில் பழைய மானிட்டர்களுக்கான விஜிஏ, டிவிஐ இணைப்புகள் இரண்டும் கிடையாது. என் பழைய மானிட்டருக்கு எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிள் ஒன்று தேவைப்பட்டது. சித்திரை வெயிலில் மின்விசிறிச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 60 பிரேமுக்கு மேல் எதற்கு என்று வரம்பு வைத்த பிறகு சூடும் சத்தமும் தணிந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுகிறேன். இதுவரை கார்டு ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் என் சிபியு இல்லை. எனவே மதர்போர்டு, சிபியு, ரேம் மூன்றையும் மாற்றப் பணம் சேர்த்துவருகிறேன். கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படியே புதிய போர்டுக்கு மாறும்.