எல்லையில் விசாவுக்கு டாலர்: அண்ணா சாலை நாணய மாற்றுக் கடை எப்படி?

வியட்நாமிலிருந்து பஸ்ஸில் கம்போடியா போகிறவர்களுக்கு பாவெட் எல்லையில் சுற்றுலா விசா 30 டாலர், ரொக்கமாக. ரூபாய் செல்லாது. வியட்நாம் நாணயமான டாங்கை வாங்கிக்கொண்டாலும் எல்லையில் இருப்பவர்கள் சொல்கிற ரேட்தான், கை கடிக்கும். அதனால் டாலரைச் சென்னையிலேயே வாங்கிவிடுவது நல்லது.

அண்ணா சாலைக் கடையில் வேலை சுறுசுறுப்பு. பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் நகல் கொடுத்து ஏ2 படிவத்தில் (வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான விண்ணப்பம்) கையெழுத்துப் போட்டால் போதும். பயணத்துக்கு முந்தைய 60 நாளுக்குள்தான் தருவார்கள். ரேட் கூகுளில் தெரிவதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஜிஎஸ்டி குறைந்தபட்சம் 45 ரூபாய். 30 டாலர் வாங்கினாலும் 250 டாலர் வாங்கினாலும் அதே 45. ஆகவே செலவுக்கும் சேர்த்து ஒரே தடவையில் வாங்குங்கள்.

குறை நோட்டில்தான். கேட்காவிட்டால் நூறு டாலர் தாளாக நீட்டிவிடுகிறார்கள். மூன்று பத்து, ஐந்தாறு ஒற்றை டாலர் என்று முன்கூட்டியே போனில் சொல்லி வையுங்கள். கவுன்ட்டரை விட்டு நகராமல் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல், ரப்பர் ஸ்டாம்ப், பேனாக் கிறுக்கல் எது இருந்தாலும் மாற்றித் தரச் சொல்லுங்கள். கம்போடியாவில் கிழிந்த டாலரை யாரும் தொடமாட்டார்கள். இங்கே கேட்டால் முகம் சுளிக்காமல் மாற்றுகிறார்கள், அது பெரிய விஷயம்.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மீந்த டாலரைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பார்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றும் கையோடு இருக்கட்டும்.