முதலாம் ஆண்டு எம்பிபிஎஸ் மாணவருக்கு எந்த ஸ்டெத்? லிட்மன் கிளாசிக் 3 முதல் உள்ளூர் இரட்டைத் தலை வரை

கலந்தாய்வு முடிந்து கல்லூரி உறுதியானதும் சென்னையில் பல பெற்றோரும் பிள்ளைகளும் போய் நிற்கும் இடம் பார்க் டவுனின் நைனியப்ப நாயக்கன் தெரு. 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியும் ஜிஎச் எனப்படும் அரசு பொது மருத்துவமனையும் அருகிலேயே இருக்கின்றன. வெள்ளைக் கோட்டும் டிசெக்‌ஷன் செட்டும் வாங்குவதில் பெரிய குழப்பம் இல்லை. பணம் வீணாவது ஸ்டெத்தில், அதாவது ஸ்டெதாஸ்கோப்பில்தான். சிலர் முதல் நாளே கார்டியாலஜி மாடல் வாங்குகிறார்கள். சிலர் ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று போலியை வாங்குகிறார்கள். கடைக்காரர் கையில் கொடுத்ததைப் போட்டுப் பார்க்காமலே பையில் வைத்துக்கொண்டு வருபவர்கள் இன்னொரு பக்கம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2022 ஜனவரியில் திருவள்ளூர் உட்பட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. குடும்பத்தின் முதல் மருத்துவராகப் போகும் பிள்ளைகள் இன்று ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு மருத்துவக் கல்வியில் இதைவிட மகிழ்ச்சியான செய்தி சமீப காலத்தில் இல்லை. ஆனால் எந்த ஸ்டெத் நல்லது என்று கேட்க அவர்கள் வீட்டில் மாமாவோ அக்காவோ டாக்டராக இருப்பதில்லை. இந்த மதிப்பீடு முதலில் அவர்களுக்காக.

கையில் பணம் இருந்தால் லிட்மன் கிளாசிக் 3 வாங்கலாம். இல்லையென்றால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மைக்ரோடோன் போன்ற உள்ளூர் இரட்டைத் தலை ஸ்டெத் ஒன்றைப் பார்த்து வாங்கி, இறுதியாண்டு வரை நிம்மதியாக ஓட்டலாம். இரண்டுக்கும் நடுவே உள்ளதும், மேலே உள்ளதும் முதலாண்டில் தேவையில்லை.

கிளாசிக் 3 சுமார் 150 கிராம் எடை, 27 அங்குல நீளம். செஸ்ட் பீஸ், அதாவது நெஞ்சில் வைக்கும் தலைப் பகுதி, துருப்பிடிக்காத எஃகு. பெரியவர்களுக்கான பக்கம் ஏறக்குறைய 43 மில்லிமீட்டர், குழந்தைகளுக்கான பக்கம் 33. இரண்டு பக்கத்திலும் டயஃப்ரம் (ஒலியை வாங்கும் மெல்லிய தகடு) உண்டு, இரண்டும் அழுத்தத்துக்கு ஏற்ப மாறுபவை. லேசாக வைத்தால் தாழ்ந்த சுருதி ஒலிகள் கேட்கும். நன்றாக அழுத்தினால் உயர்ந்த சுருதி ஒலிகள் மேலே வரும். மூன்றாம், நான்காம் இதய ஒலிகளும் மைட்ரல் வால்வு சுருக்கத்தின் உருளும் முணுமுணுப்பும் முதல் வகை. மூச்சொலி, முதல் இரண்டு இதய ஒலிகள், அயோர்ட்டிக் வால்வுக் கசிவு இரண்டாம் வகை. நோயாளியின் நெஞ்சிலிருந்து எடுக்காமலே விரல் அழுத்தத்தை மாற்றி இரண்டையும் கேட்க முடிவது நெரிசலான வார்டில் பெரிய வசதி.

மாணவர்கள் தடுமாறுவதும் இதே இடத்தில்தான். கையின் எடை முழுவதையும் செஸ்ட் பீஸ் மேல் போட்டு அழுத்திக்கொண்டு, மைட்ரல் முணுமுணுப்பு கேட்கவில்லை என்பார்கள். அழுத்தினாலே அந்த ஒலி அமுங்கிவிடும். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லி, இதய நுனியில் செஸ்ட் பீஸை அது நழுவாத அளவுக்கு மட்டும் தொட்டு வைக்க வேண்டும். இந்த மைட்ரல் சுருக்கத்தைத் தரும் வாத இதய நோய் நம் அரசு மருத்துவமனைகளில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. தேர்வுக்கும் அதையே வைக்கிறார்கள். எனவே இது வெறும் பாடநூல் விஷயம் இல்லை.

கிளாசிக் 3இல் எங்களுக்கு உள்ள ஒரே உண்மையான குறை, திறந்த பெல் (டயஃப்ரம் மூடாத குழிந்த கிண்ணம்) அதில் நேரடியாக இல்லாதது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், “பெல் எங்கே, காட்டு” என்று கேட்கும் பழைய தலைமுறைப் பேராசிரியர்கள் உண்டு. தீர்வு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சிறிய பக்கத்து டயஃப்ரத்தைக் கழற்றிவிட்டு, உடன் வரும் குளிராத ரப்பர் வளையத்தை மாட்டினால் அது திறந்த பெல் ஆகிவிடும். குழந்தைகள் வார்டு போஸ்டிங் வரும்வரை அப்படியே வைத்திருப்பது நல்லது. கழற்றிய டயஃப்ரத்தைப் பெட்டியிலேயே பத்திரப்படுத்துங்கள், தொலைந்தால் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

லைட்வெயிட் 2 சுமார் 118 கிராம்தான். நீர்த்துளி வடிவச் செஸ்ட் பீஸ் பிபி கஃப் ஓரத்தில் எளிதாக நுழையும். ரத்த அழுத்தம் மட்டும் பார்ப்பவர்களுக்கு, குறிப்பாகச் செவிலியர்களுக்கு, இது மிகப் பொருத்தம். இதய ஒலிகளைக் கற்க வேண்டிய மாணவருக்கு அந்தப் பணத்தைக் கொடுப்பது நியாயமாகப் படவில்லை. உத்தரவாதமும் 2 ஆண்டுதான், கிளாசிக் 3க்கு 5 ஆண்டு. கார்டியாலஜி 4 அருமையான கருவி, அதில் சந்தேகமில்லை. ஒரே ட்யூபுக்குள் இரண்டு பாதைகள் இருப்பதால் ட்யூப்கள் உரசும் சத்தம் இல்லை. ஆனால் இயல்பான இதய ஒலியையே இன்னும் ஆயிரம் முறை கேட்காத காதுக்கு அதன் கூடுதல் நுணுக்கம் பிடிபடாது. ஹவுஸ் சர்ஜன் காலத்திலோ எம்டி சேர்ந்த பிறகோ வாங்கலாம்.

உள்ளூர் இரட்டைத் தலை ஸ்டெத்தைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். ஒரு பக்கம் டயஃப்ரம், மறுபக்கம் அசல் திறந்த பெல். பாடநூலில் உள்ளபடியே பயிலலாம். முதலாண்டு உடலியங்கியல் செய்முறையில் ரத்த அழுத்தம் பார்க்க, மூச்சொலி கேட்க, இதய ஒலிகளை இனம் காண இது போதும். இதன் பலவீனம் மூன்று இடங்களில். கடினமான இயர்டிப் காதை அடைக்காமல் வலியை மட்டும் தரும். ட்யூப் மெல்லியதாக இருந்தால் வெளிச் சத்தம் உள்ளே வரும். டயஃப்ரத்தைப் பிடித்திருக்கும் திருகு வளையம் நாளடைவில் தளர்ந்து காற்று கசியும். மிருதுவான சிலிக்கான் இயர்டிப் ஒரு ஜோடி தனியாக வாங்கி மாட்டினால் முதல் குறை போய்விடும், கேட்கும் தரமும் கண்கூடாக உயரும். வளையத்தை வாரம் ஒருமுறை விரலால் திருகி இறுக்குங்கள். மெல்லிய ட்யூபுக்கு மட்டும் பிறகு செய்ய ஒன்றுமில்லை. கடையிலேயே அமுக்கிப் பார்த்துத் தடித்ததாக எடுக்க வேண்டும்.

கடையில் சோதிக்கும் முறை. இயர்டிப்கள் முன்னோக்கி, அதாவது மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி மாட்டுங்கள். காதுக் குழாய் அந்தத் திசையில்தான் போகிறது. பின்னோக்கி மாட்டினால் ஓட்டை காதுச் சுவரில் முட்டி, எந்த ஸ்டெத்தும் ஊமையாகிவிடும். புதியவர்கள் “ஸ்டெத் சரியில்லை” என்று திருப்பிக் கொடுக்க வருவதற்கு முதல் காரணம் இதுதான். மாட்டியதும் தெருவின் ஹாரன் சத்தம் சட்டென்று குறைய வேண்டும். அந்தத் தெருவின் இரைச்சலை விட நல்ல சோதனைக்கூடம் கிடையாது. குறையவில்லையென்றால் வேறு அளவு இயர்டிப் கேளுங்கள். அடுத்து டயஃப்ரத்தை நகத்தால் மெல்லத் தட்டுங்கள். ஒன்றும் கேட்காவிட்டால் ட்யூபோடு சேரும் தண்டைப் பிடித்துக்கொண்டு செஸ்ட் பீஸை ‘க்ளிக்’ சத்தம் வரும்வரை அரைச் சுற்று திருப்புங்கள், மறுபக்கம் திறந்திருக்கும். பிறகு இடப்பக்கம் ஐந்தாம் விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுக்கோட்டுக்குச் சற்று உட்புறமாக வைத்து உங்கள் இதயத்தையே கேளுங்கள். முதல் ஒலியும் இரண்டாம் ஒலியும் தனித்தனியாகப் பிரிந்து கேட்க வேண்டும். சட்டைத் துணி மேல் வைத்துச் சோதிக்காதீர்கள், துணி உரசல் மூச்சொலி போலவே ஏமாற்றும்.

போலிகளைப் பற்றி. லிட்மன் வணிகத்தை நீண்ட காலம் வைத்திருந்த த்ரீ எம் நிறுவனம் தன் மருத்துவப் பிரிவை 2024 ஏப்ரலில் சால்வென்டம் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. ஆகவே பெட்டியில் இந்தப் பெயர் இருந்தாலோ அந்தப் பெயர் இருந்தாலோ அதை மட்டும் வைத்து அசலா போலியா என்று முடிவு செய்ய முடியாது. நம்ப வேண்டியது செஸ்ட் பீஸ் தண்டில் பொறித்த வரிசை எண்ணை. அது பெட்டியில் உள்ள எண்ணுடன் பொருந்துகிறதா பாருங்கள், நிறுவனத்தின் இணையதளத்திலும் சரிபாருங்கள். எடையும் காட்டிக்கொடுக்கும். சமையலறை மின்தராசில் வைத்தால் 150 கிராமுக்கு வெகுவாகக் குறையும் கிளாசிக் 3ஐ உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஜிஎஸ்டி பில் தராத கடையில் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பில் இல்லாமல் உத்தரவாதம் கேட்கவே முடியாது.

சென்னை வெயிலும் வியர்வையும் ஸ்டெத்தின் எதிரிகள். ட்யூப் பிவிசியால் ஆனது. கழுத்துத் தோலின் எண்ணெயும் வியர்வையும் தொடர்ந்து பட்டால் அது விறைத்து, வெடிக்கும். கழுத்தில் போடுவதானால் கோட்டுக் காலருக்கு மேலே போடுங்கள். மதிய வெயிலில் பைக் பெட்டிக்குள் விட்டுப் போனால் ட்யூப் பிசுபிசுத்துப் போகும். நான்காக மடித்துக் கோட்டுப் பையில் திணிப்பதும் கூடாது, மடிப்பு விழுந்த இடத்தில் ட்யூப் சுருங்கும்.

ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துடைப்பானால் டயஃப்ரத்தையும் விளிம்பு வளையத்தையும் துடைக்க வேண்டும். கையைக் கழுவிவிட்டு ஸ்டெத்தைத் துடைக்காமல் அடுத்த படுக்கைக்குப் போனால் கழுவிய பயன் பாதி போயிற்று. சானிடைசர் ஜெல்லை ஸ்டெத்தில் தேய்க்காதீர்கள், அதில் கலந்திருக்கும் மற்றப் பொருட்கள் ட்யூபையும் டயஃப்ரத்தையும் கெடுக்கும். திரவத்தில் ஊறவைப்பதும் ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன்) வைப்பதும் கூடவே கூடாது. ஒலி திடீரென்று மங்கினால் முதலில் இயர்டிப்பைக் கழற்றி உள்ளே காதழுக்கு அடைத்திருக்கிறதா பாருங்கள். கோட்டுப் பையின் நூலும் தூசியும்கூட அங்கேதான் சேரும்.

கருப்பு ட்யூப் அழுக்கைக் காட்டாது, வெளிர் நிறங்களில் பேனா மை ஏறினால் போகவே போகாது. ஆனால் வார்டில் எல்லோரிடமும் கருப்பே இருப்பதால் மாறிப்போவதும் சுலபம். கருப்பு வாங்கினால் பெயரை வாங்கும்போதே செஸ்ட் பீஸில் பொறித்துக்கொள்ளுங்கள், ட்யூபில் ஒட்டும் ஸ்டிக்கர் வியர்வையில் உரிந்துவிடும். பொறிக்கும் முன் கருவியை நன்றாகச் சோதித்துவிடுங்கள். பெயர் பொறித்த பிறகு மாற்றித் தரக் கடைகள் ஒத்துக்கொள்வதில்லை.