ஐடியா எங்க வரும்: மாமாக் கடையா, தோட்டத்து நடையா?

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்துக்கிட்டு தமிழ்ப்பள்ளி விழாக்களுக்கு சின்னச் சின்ன நாடகம் எழுதிக் குடுக்கிறேன். கதை பாதியில முட்டிக்கிட்டு நின்னா நான் போறது ரெண்டே இடம், ஒண்ணு மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, இன்னொண்ணு டவுனைத் தாண்டி செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்குள்ள போற மண் ரோடு. ரெண்டையும் நல்லா பாத்துட்டேன், இப்ப என் ஓட்டு நடைக்குத்தான்.

மாமாக் கடை மட்டம்னு சொல்ல மாட்டேன். ஒரு தே தாரிக் (ஆத்தின பால் டீ) வாங்கிட்டா எவ்ளோ நேரம் வேணும்னாலும் உக்காரலாம், சுத்தி ஆளுங்க பேச்சு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். மிதமான சத்தம் நல்லதுதான்னு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, 50 டெசிபலை விட 70 டெசிபல்ல ஆளுங்க புதுசா யோசிச்சாங்க, 85க்கு ஏறினதும் கெட்டுப்போச்சு. அதனால பந்து மேட்ச் ஓடுற ராத்திரில அங்க எழுத உக்காராதீங்க.

நடைக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்ட்ல ஒபெஸோ, ஷ்வார்ட்ஸ்னு ரெண்டு பேர் 2014ல வெளியிட்ட ஆய்வுல, உக்காந்திருக்கிறப்ப வந்ததை விட நடக்கிறப்ப சராசரியா 60 சதவீதம் கூடுதலா புது யோசனை வந்துச்சு. வெறும் சுவத்தைப் பாத்து ட்ரெட்மில்ல நடந்தவங்களுக்கும் வந்துச்சு, அதனால இயற்கைக் காட்சியெல்லாம் இல்லாட்டியும் பரவால்ல, நடந்தா போதும். நடந்துட்டு வந்து உக்காந்த பிறகும் கொஞ்ச நேரம் அது நிக்குது. ஆனா ஒரே ஒரு சரியான விடை கண்டுபிடிக்கிற கேள்விக்கு நடை உதவல, அதுக்கு மேசைதான்.

எனக்கு முடிவு பண்ண வச்ச விஷயம் வேற, நடுவுல மனசுக்கு என்ன வேலை குடுக்கிறோம்ங்கிறது. 2012லயே இன்னொரு ஆய்வு, இடைவேளையில கஷ்டமான வேலை செஞ்சவங்களை விட, சும்மா ஓய்வா இருந்தவங்களை விட, லேசான வேலை செஞ்சவங்கதான் முன்னாடி பாத்த அதே கேள்விக்கு நல்ல பதிலோட வந்தாங்க. நடை அந்த லேசான வேலை. கடையில உக்காந்தா கை தன்னால ஹேண்ட்போனுக்குப் போயிடுது, வாட்ஸப் குரூப்பு, வீடியோ, மனசுக்கு மூச்சு விட இடமே இல்ல. மண் ரோட்டுல மேடு பள்ளம் பாத்து கால் வைக்கணும், போனை நோண்ட முடியாது. போன நாடகத்துல பாட்டி கடைசியா என்ன பேசுறதுன்னு கிடைக்காம அலைஞ்சேன், வழியில ஒரு அக்கா குனிஞ்சு உதிரிப் பழம் பொறுக்கி சாக்குல போட்டுக்கிட்டு இருந்தாங்க, வாயே திறக்கல. பாட்டியும் பேச வேணாம், பால் வாளியை எடுத்து பேத்தி கையில குடுத்தா போதும்னு அங்கயே பட்டுச்சு.

ஆனா முன்னாடி முட்டி மோதியிருக்கணும்லா. கணிதமேதை புவான்காரே பஸ் படியில கால் வச்ச நொடியில விடை கிடைச்சுதுன்னு எழுதியிருக்காரு, அதுக்கு முன்ன அந்தக் கணக்கோட நாள்கணக்கா மல்லுக்கட்டினவரு அவரு.

குட்டித் தூக்கமும் யோசனைக்கு உதவும்ங்கிறாங்க, அது பத்தி எனக்கு அனுபவம் ரொம்ப கம்மி. பாரிஸ் ஆய்வாளர்கள் 2021ல வெளியிட்டதுல, லேசா கண் அசந்தவங்கள்ல 83 சதவீதம் பேர் குடுத்த கணக்குல ஒளிஞ்சிருந்த சுருக்கு வழியைக் கண்டுபிடிச்சாங்க, முழிச்சே இருந்தவங்கள்ல 30 சதவீதம்தான், ஆழ்ந்து தூங்கினவங்களுக்கு அந்தப் பலன் இல்ல. எனக்கு கண் அசந்தா நேரா ஆழ்ந்த தூக்கம்தான், அதனால உறுதியா சொல்ல வரல.

மழை மாசத்துல மண் ரோடு சேறாயிடும், அப்ப கடைக்கே போங்க, போனை மட்டும் வீட்டுல வச்சிட்டு ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்துக்கங்க.