நாய்க்கும் பூனைக்கும் தொடர் சிகிச்சை: எந்தப் பாலிசி தரும், எது கைவிரிக்கும்?

பிரிட்டனில் நாய், பூனைக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது பெரும்பாலானவர்கள் பார்ப்பது முதல் பில்லைத்தான். காலை உடைத்துக்கொண்டால் பணம் வருமா, சாக்ஸை விழுங்கிவிட்டால் வருமா, அவ்வளவுதான் கேள்வி. அந்த மாதிரிச் செலவுக்கு ஏறக்குறைய எல்லாப் பாலிசியும் ஏதோ ஒரு அளவுக்குத் தந்துவிடும். வித்தியாசம் தெரிவது அதற்கப்புறம்தான், அதாவது தோல் அலர்ஜிக்கு மாதாமாதம் போடும் சைட்டோபாயின்ட் ஊசி, சர்க்கரை நோய் வந்த பூனைக்குத் தினமும் இன்சுலின், முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆறு, எட்டு வாரம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரே என்று செலவு நீண்டுகொண்டே போகும்போது. அதனால் இங்கே பாலிசிகளை ஒரே அளவுகோலில்தான் வைத்துப் பார்க்கிறேன்: அதே நோய்க்கு இரண்டாவது, பத்தாவது, முப்பதாவது தடவை க்ளெய்ம் போட்டால் என்ன நடக்கும்?

விபத்துக்கு மட்டுமான பாலிசியை இப்போதே ஒதுக்கிவிடலாம். நோய் என்றாலே அதில் ஒன்றும் கிடையாது. மிச்சம் மூன்று: 12 மாத வரம்புள்ள டைம் லிமிடெட், ஒரு நோய்க்கு மொத்தம் இவ்வளவுதான் என்கிற மேக்ஸிமம் பெனிஃபிட், வருஷா வருஷம் வரம்பு புதுப்பிக்கப்படும் லைஃப்டைம்.

கணக்காகப் பார்ப்போம். ஒரு லாப்ரடாருக்குத் தோல் அலர்ஜி, ஊசியும் மருந்தும் பரிசோதனையுமாக வருஷத்துக்கு 1,200 பவுண்டு ஆகிறது, எக்ஸஸ் (க்ளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) வருஷத்துக்கு 100 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் பாலிசியில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள்.) டைம் லிமிடெட்டில் முதல் வருஷம் 1,100 வரும். நோய்க்கான வரம்பு 3,000 பவுண்டாக இருந்தாலும் 12 மாதம் முடிந்த மறுநாளிலிருந்து அந்த அலர்ஜிக்குப் பூஜ்யம். மீதி 1,900 பவுண்டைத் தொடவே முடியாது. 4,000 பவுண்டு வரம்புள்ள மேக்ஸிமம் பெனிஃபிட்டில் மூன்று வருஷம் 1,100 வீதம் 3,300 வந்துவிடும், நாலாவது வருஷம் 700 தந்துவிட்டு அந்த நோய்க்கான கணக்கை மூடிவிடுவார்கள். அதே 4,000 பவுண்டு வருட வரம்புள்ள லைஃப்டைமில் நீங்கள் இடைவெளி விடாமல் புதுப்பிக்கும் வரை வருஷம் 1,100 வந்துகொண்டே இருக்கும். அந்த அலர்ஜி நாய்க்கு ஆயுசு முழுக்க இருக்கக்கூடியது என்பதை யோசித்தால் எது எதற்கு என்பது புரியும்.

ஆனால் லைஃப்டைம் பாலிசி சும்மா வருவதில்லை. பிரீமியம் ஆரம்பத்திலேயே அதிகம், க்ளெய்ம் போட்டபின் இன்னும் ஏறும், நாய்க்கு வயசாக ஆக அதற்கு மேலும் ஏறும். எட்டு, ஒன்பது வயசு தாண்டினால் பல கம்பெனிகள் எக்ஸஸ் போக பில்லில் இத்தனை சதவீதம் என்று ஒரு பங்கையும் உங்கள் தலையில் வைக்கும். 20 சதவீதம் என்றால் அந்த 1,200 பவுண்டு பில்லில் உங்களுக்குக் கிடைப்பது 880 அல்லது 860, எக்ஸஸை முதலில் கழிக்கிறார்களா சதவீதத்தை முதலில் கழிக்கிறார்களா என்பதைப் பொறுத்து.

லைஃப்டைம் என்று பெயர் இருப்பதால் மட்டும் எல்லாப் பாலிசியும் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் வருஷத்துக்கு ஒரே பெரிய தொகை, எந்த நோய்க்கும் எடுத்துக்கொள்ளலாம். சிலவற்றில் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாக வருட வரம்பு. மாதாமாதம் சின்னச் சின்னதாகப் போகும் செலவுக்கு இரண்டும் பரவாயில்லை. முழங்கால் தசைநார் அறுந்து டிபிஎல்ஓ (கால் எலும்பை வெட்டித் திருப்பி முழங்காலை நிலைப்படுத்தும்) ஆபரேஷன் செய்தால் நாலாயிரம், ஐயாயிரம் பவுண்டு சாதாரணம். நோய்க்கு 2,000 என்று வரம்பு இருந்தால் ஆபரேஷனிலேயே அது தீர்ந்துவிடும், அப்புறம் வரும் எக்ஸ்ரேக்கும் பிசியோதெரபிக்கும் நீர்ப் பயிற்சிக்கும் அந்த வருஷம் மிச்சம் ஒன்றும் இருக்காது. நீர்ப் பயிற்சிக்குத் தனியாக ஒரு குட்டி வரம்பு வைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு. இன்னொன்று, இடது காலில் வந்த தசைநார்ப் பிரச்சினை அடுத்த வருஷம் வலது காலுக்கு வந்தால் பல பாலிசிகள் இரண்டையும் ஒரே நோயாகத்தான் கணக்கெடுக்கும். மேக்ஸிமம் பெனிஃபிட்டில் இது ரொம்ப வலிக்கும்.

இந்த "ஒரே நோய்" விஷயம்தான் தொடர் க்ளெய்ம்களில் எல்லாவற்றுக்கும் வேர் என்பது என் கருத்து. நாய் காதைச் சொறிகிறது, வெட் (கால்நடை மருத்துவர்) காது இன்ஃபெக்ஷன் என்று எழுதி மருந்து தருகிறார், க்ளெய்மும் வருகிறது. ஏழெட்டு மாதம் கழித்துப் பாதத்தை நக்குகிறது, வயிறு சிவக்கிறது, பரிசோதித்துவிட்டு இது அலர்ஜி என்கிறார்கள், காது இன்ஃபெக்ஷனும் அதனால்தான் வந்திருக்கும் என்று குறிப்பிலும் எழுதுகிறார்கள். கம்பெனி இப்போது இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கும். லைஃப்டைமில் இது உங்களுக்கு லாபம்கூட, ஏனென்றால் ஒரு எக்ஸஸ்தான் பிடிப்பார்கள். டைம் லிமிடெட்டில் நிலைமை தலைகீழ்: 12 மாதக் கடிகாரம் காது சொறிந்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்ததாகிவிடும், அலர்ஜிக்குப் பெயர் வைக்கும்போதே பாதிக்கு மேல் போயிருக்கும். அந்த முதல் காதுப் பிரச்சினை பாலிசி எடுத்த முதல் 14 நாளுக்குள் வந்திருந்தாலோ (நோய்களுக்கு வழக்கமாக அவ்வளவு காத்திருப்புக் காலம் உண்டு) எந்தப் பாலிசியானாலும் அலர்ஜி முழுவதுமே கைவிட்டுப் போகலாம். ஆகவே வெட் கம்ப்யூட்டரில் என்ன எழுதுகிறார் என்பதைக் கேளுங்கள், நகலும் வாங்கி வையுங்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று வெட் நினைத்தால் அதை எழுத்தில் தரச் சொல்லலாம். கம்பெனியோடு வாதாட அதைவிட நல்ல காகிதம் இல்லை.

அடுத்து, பணம் எந்த வழியில் வர வேண்டும்? கிளினிக்கே கம்பெனியிடம் நேரடியாக வாங்கிக்கொள்வது ஒரு வழி, நீங்கள் கட்டிவிட்டு வாங்குவது இன்னொன்று. ஆபரேஷன் மாதிரிப் பெரிய தொகைக்கு நேரடி வழிதான் நல்லது, முன் அனுமதியும் கேட்டு வாங்கிவிட்டால் இன்னும் நிம்மதி. ஆனால் எல்லா கிளினிக்கும் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை, கம்பெனி மறுத்துவிட்டால் முழுப் பணமும் கிளினிக்குக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். மாதாந்திர ஊசி, மாத்திரைக்கு நானாக இருந்தால் கட்டிவிட்டு வாங்கும் வழியைத்தான் எடுப்பேன். முதல் க்ளெய்முக்குக் கம்பெனி நாயின் முழு மருத்துவ வரலாற்றையும் கேட்கும், நாளாகும். அதே நோய்க்கு அடுத்தடுத்துப் போடும் கண்டினியூவேஷன் க்ளெய்முக்கு, பெரும்பாலும் விவரமான பில்லை ஆப்பில் ஏற்றினால் போதும். கிளினிக் வழியாகப் போனால் ஒவ்வொரு தடவையும் படிவம் நிரப்பக் கட்டணம் கேட்கும் இடங்களும் உண்டு, அந்தக் கட்டணத்தைப் பொதுவாக இன்சூரன்ஸ் தராது.

சின்னப் பில்களைச் சேர்த்து வைத்து மொத்தமாகப் போட்டால் எக்ஸஸ் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நோய்க்கு ஒரு எக்ஸஸ் என்றுள்ள பாலிசியில் அப்படி ஒன்றும் மிச்சமாகாது. சிகிச்சை நடந்த தேதிதான் கணக்கு, நீங்கள் அனுப்பிய தேதி அல்ல. ரினியூவலுக்கு முந்தைய வாரம் ஒரு பில், பிந்தைய வாரம் ஒரு பில் இருந்தால் இரண்டையும் ஒரே கவரில் அனுப்பினாலும் இரண்டு எக்ஸஸ்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துப் போடுவதில் தவறில்லை, வேலை குறையும். ஆனால் க்ளெய்ம் போடக் கடைசித் தேதி பெரும்பாலான பாலிசிகளில் உண்டு, அதைத் தாண்டவிட்டால் யாரும் இரக்கப்பட மாட்டார்கள்.

மருந்தை எங்கே வாங்குவது என்பதும் பாலிசியைப் பொறுத்ததே. வெட்டிடம் எழுத்தில் மருந்துச் சீட்டு வாங்கி ஆன்லைன் மருந்தகத்தில் அப்போக்வெல் (அலர்ஜி அரிப்புக்கான மாத்திரை) மாதிரி மருந்துகளை வாங்கினால் பல சமயம் கணிசமாகக் குறையும், சீட்டுக்குத் தனிக் கட்டணம் கொடுத்தாலும்கூட. மேக்ஸிமம் பெனிஃபிட்காரர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், மிச்சமாகும் ஒவ்வொரு பவுண்டும் அந்தத் தொகை தீரும் நாளைத் தள்ளிப்போடும். சதவீதம் கட்டுபவர்களுக்கும் லாபம். பெரிய வருட வரம்போடு லைஃப்டைம் வைத்திருக்கும் இளம் நாய்க்காரருக்கு அலைச்சல்தான் மிச்சம், கம்பெனிக்குப் பணம் சேமித்துக் கொடுக்க ஆசை இருந்தால் செய்யலாம்.

க்ளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனியிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். இறுதிப் பதில் சொல்ல அவர்களுக்கு எட்டு வாரம். பதில் திருப்தி இல்லை என்றாலோ பதிலே வரவில்லை என்றாலோ இன்சூரன்ஸ் மாதிரி நிதிப் புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மன் சர்வீஸுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது, இறுதிப் பதில் வந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். எது பழைய நோய், எது ஒரே நோய் என்ற சண்டைகளில் வெட் எழுதிய குறிப்புதான் அங்கேயும் பேசும்.

சரி, ஏற்கெனவே டைம் லிமிடெட் பாலிசியில் இருக்கிறீர்கள், நாய்க்கு நீண்டகால நோய் என்று இப்போதுதான் தெரிந்தது, என்ன செய்வது? வேறு கம்பெனிக்கு ஓடுவதால் பயனில்லை, அங்கே இது முன்பே இருந்த நோய் என்று ஒதுக்கிவிடுவார்கள். சில கம்பெனிகள் இரண்டு வருஷம் போல அறிகுறியே இல்லாமல் இருந்தால் மறுபடி ஏற்கும், ஆனால் சர்க்கரை நோய்க்கும் மூட்டு வலிக்கும் அது நடக்கிற காரியமில்லை. பாலிசியைப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம், மிச்ச மாதங்களும் போய்விடும். 12 மாதம் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, அறிகுறி தெரிந்த நாளா முதல் சிகிச்சை நாளா என்று கம்பெனியிடம் ஈமெயிலில் கேட்டு வாங்குங்கள். நிபுணரிடம் அனுப்புவது, ஸ்கேன், அலர்ஜிப் பரிசோதனை மாதிரிச் செலவு பிடிப்பவை எப்படியும் தேவை என்று வெட் சொன்னால் அவற்றை அந்தத் தேதிக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் ஆறு மாத மாத்திரையை அள்ளி வாங்குவது மட்டும் வேண்டாம், காலம் முடிந்தபின் கொடுக்கப்போகும் மருந்து என்று சொல்லி அந்தப் பகுதியை வெட்டிவிடுவார்கள்.